அணி, யாப்பு, உள்ளுறை: இலக்கிய மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலக்கியம் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாட்டுப் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பல வருட வழக்கம். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் அப்படியே திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகின்றன.

யாப்பு, அணி, தொடை எல்லாம் ஒரே குழப்பமா இருக்கு. எது எதுக்குள்ள வரும்?

யாப்பு என்றால் கட்டுதல். பாட்டின் உடம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்வது அது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று ஆறு உறுப்புகள். எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீரும் சீரும் இணையும் முறை தளை, சீர்கள் சேர்ந்த வரி அடி, ஓசையோ பொருளோ பொருந்தத் தொடுப்பது தொடை. ஆக, தொடை என்பது யாப்பின் ஓர் உறுப்பு. மோனை, எதுகை, இயைபு, முரண், அளபெடை எல்லாம் அந்தத் தொடைக்குள் அடக்கம்.

அணி என்பது சொல்ல வந்ததை அழகுபடச் சொல்லும் முறை. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணிகளை மட்டும் 35 என்று வகுக்கிறது. பின்னால் வந்த மாறனலங்காரம் 64 வரை போகிறது. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். பாடத்தில் திரும்பத் திரும்ப வருபவை பத்துப் பன்னிரண்டுதான். அவற்றிலும் பாதி உவமையிலிருந்து கிளைத்தவை. உவமையைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றவை தானாக வந்து உட்காரும்.

மோனை முதலெழுத்தா, எதுகை முதலெழுத்தா? பரீட்சை அன்னிக்கு மட்டும் மாறிப்போகுது.

மோனைக்கு முதல், எதுகைக்கு இரண்டு. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘மோனை – முதல்’ என்பதே மோனையாக அமைந்திருக்கிறது. ‘எதுகை – இரண்டு’ என்பதும் மோனைதான். ஏனென்றால் மோனைக்கு அதே எழுத்துத்தான் வர வேண்டும் என்பதில்லை, இன எழுத்தும் வரலாம். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் ச–த, ஞ–ந, ம–வ இணைகள்.

முதல் குறளை எடுத்துக்கொள்வோம்: “அகர முதல எழுத்தெல்லாம் ஆதி / பகவன் முதற்றே உலகு.” முதல் அடியின் முதல் சீரில் அ, நான்காம் சீரில் ஆ. ஒன்றும் நான்குமாக வருவதால் ஒரூஉ மோனை. ஒன்றும் இரண்டும் என்றால் இணை, ஒன்றும் மூன்றும் என்றால் பொழிப்பு, நான்கு சீரிலும் வந்தால் முற்று. “கற்க கசடறக் கற்பவை கற்றபின்” முற்று மோனை. இனி எதுகை: அகர, பகவன் இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘க’. இதில் பலர் விட்டுவிடும் நிபந்தனை ஒன்று உண்டு. முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘பட்டு’ என்பதற்குப் ‘பாட்டு’ எதுகை ஆகாது, ‘கட்டு’ ஆகும்.

பாட்டு வரிகள் கடைசியில ஒரே மாதிரி முடிஞ்சா அதுதானே எதுகை?

இல்லை, அது இயைபு. அடிகளின் இறுதி ஒத்து வருவது இயைபுத் தொடை. நம் பழைய பாட்டுகளில் ஓசை ஒப்புமை பெரும்பாலும் அடியின் தொடக்கத்தில் இருக்கும். அதனால்தான் மோனைக்கும் எதுகைக்கும் இவ்வளவு மரியாதை.

‘போல’ வந்தா உவமை. அவ்வளவுதானே?

பாதி சரி. உவமையில் நான்கு சங்கதிகள் இருக்கின்றன. “அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை / இகழ்வார்ப் பொறுத்தல் தலை” என்ற குறளில், தன்னைத் தோண்டுகிறவனையே தாங்கி நிற்கும் நிலம் உவமை. தன்னை இகழ்கிறவனைப் பொறுப்பவர் பொருள். ‘போல’ உவம உருபு. பொறுத்தல் பொதுத்தன்மை. இந்த நான்கும் வெளிப்படையாக நின்றால் சந்தேகமே இல்லை. எந்த அடிப்படையில் ஒப்பிடுகிறோம் என்பதற்குத் தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என்று நான்கு சொல்கிறது: செயல், விளைவு, வடிவம், நிறம். மேலே உள்ளது வினை உவமை.

‘போல’ இருந்தும் உவமை ஆகாத இடம் ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. “வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட” என்கிறார் இளங்கோவடிகள். வராதே என்று கை காட்டுவது போல. கொடி அசைவது இயல்பு. அந்த இயல்பான நிகழ்ச்சியின் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுகிறார். அது தற்குறிப்பேற்ற அணி. ‘போல’ என்ற சொல்லைத் தேடாமல், இங்கே ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுகிறாரா, ஒரு செயலுக்கு இல்லாத காரணத்தைக் கற்பிக்கிறாரா என்று பாருங்கள். முடிவு தெரிந்த பிறகு திரும்பி வந்து அந்தக் கொடிகளைப் படித்தால் நெஞ்சு கனக்கும்.

மலர்முகம், முகமலர். ரெண்டும் ஒண்ணுதானே சார்?

சொற்கள் அவைதான், வரிசை மாறியதும் அணி மாறிவிடுகிறது. மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம். உருபு மறைந்திருக்கிறது, உவமைத்தொகை. முகமலர் என்றால் முகமாகிய மலர். ஒப்பீடே போய் இரண்டும் ஒன்றாகிவிட்டன, உருவகம். ‘போன்ற’ போட்டுப் பொருள் வருகிறதா, ‘ஆகிய’ போட்டுப் பொருள் வருகிறதா என்று சோதித்தால் போதும்.

ஏகதேச உருவகம்னா பாதி உருவகமா?

ஆமாம், அப்படியே சொல்லலாம். ஏகதேசம் என்றால் ஒரு பகுதி. “பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் / இறைவன் அடிசேரா தார்.” பிறவியைக் கடலாக உருவகித்தவர், இறைவன் அடியைத் தெப்பமாக உருவகிக்கவில்லை. அந்த இடத்தைப் படிக்கிறவர்களிடம் விட்டுவிட்டார். விடையில் எது உருவகிக்கப்பட்டது, எது உருவகிக்கப்படவில்லை என்று இரண்டையும் எழுதுங்கள். இரண்டாவதை எழுதாவிட்டால் அது வெறும் உருவகத்தின் விளக்கம்தான்.

எடுத்துக்காட்டு உவமை, பிறிது மொழிதல், வேற்றுப்பொருள் வைப்பு. மூணும் ஒண்ணு மாதிரியே தெரியுது.

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். எது வெளியே நிற்கிறது, எது மறைந்திருக்கிறது என்று பார்த்தால் பிரித்துவிடலாம்.

“தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் / கற்றனைத் தூறும் அறிவு.” தோண்டத் தோண்ட ஊறும் மணற்கேணியும் இருக்கிறது, கற்கக் கற்க ஊறும் அறிவும் இருக்கிறது. நடுவே ‘போல’ மட்டும் இல்லை. இது எடுத்துக்காட்டு உவமை. அடுத்து, “பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் / சால மிகுத்துப் பெயின்.” மயில் இறகுதான் என்றாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். அவ்வளவுதான் குறள். எளிய பகைவர்தானே என்று பலரைச் சேர்த்துக்கொண்டால் வலியவனும் கெடுவான் என்ற பொருள் குறளில் எங்குமே இல்லை. உவமை மட்டும் நிற்க, பொருள் முழுக்க மறைந்துவிட்டது. அது பிறிது மொழிதல்.

வேற்றுப்பொருள் வைப்பு இந்தக் குடும்பமே இல்லை. அங்கே ஒப்பீடு கிடையாது. ஒரு தனி நிகழ்ச்சியைச் சொல்லி, அதற்கு ஆதரவாக எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பொது உண்மையைப் பக்கத்தில் வைப்பார்கள். தண்டியலங்காரம் காட்டும் பாட்டில், இருளை ஓட்டி ஒளி வளர்த்த கதிரவன் மறைந்தான் என்று சொல்லி, கடல் சூழ்ந்த இந்த உலகில் தோன்றி இறவாமல் வாழ்பவர் யார் என்று முடிகிறது. முதலில் உள்ளது சிறப்பு, பின்னால் வருவது பொது.

முன்னாடி சொன்ன குறள்ல தொட்டனைத்து, கற்றனைத்து. ‘ட்’டும் ‘ற்’றும் எப்படி எதுகை?

கவனித்துக் கேட்ட கேள்வி. மோனையில் இன எழுத்தை ஏற்றுக்கொண்டது போல எதுகையிலும் இன எதுகை உண்டு. ட், ற் இரண்டும் வல்லினம். அதனால் இது வல்லின எதுகை. “தக்கார் தகவிலர் என்பது அவரவர் / எச்சத்தாற் காணப் படும்” என்பதில் க், ச் வருவதும் இப்படித்தான். மெல்லின எதுகை, இடையின எதுகையும் இருக்கின்றன.

அலகிடச் சொன்னாலே கை நடுங்குது. ஒரு தடவை மெதுவா செஞ்சு காட்டுங்களேன்.

சரி, அந்த மணற்கேணிக் குறளையே எடுப்போம். அலகிடுவது என்றால் சீரை அசைகளாகப் பிரித்து வாய்பாடு சொல்வது. ஒரு குறிலோ நெடிலோ தனியாகவோ ஒற்றோடோ வந்தால் நேர். இரண்டு குறில், அல்லது குறிலும் நெடிலும் சேர்ந்து வந்தால் நிரை. பின்னால் ஒற்று வந்தாலும் நிரைதான். ஒற்றைத் தனியாக எண்ணக் கூடாது. நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நேர்நிரை கூவிளம், நிரைநிரை கருவிளம். இவற்றோடு ஒரு நேர் சேர்ந்தால் காய், நிரை சேர்ந்தால் கனி.

தொட்/டனைத் – கூவிளம். தூ/றும் – தேமா. மணற்/கே/ணி – புளிமாங்காய். மாந்/தர்க்/குக் – தேமாங்காய். கற்/றனைத் – கூவிளம். தூ/றும் – தேமா. கடைசியில் அறிவு. இப்போது தளை. வெண்பாவுக்கு விதி சின்னது: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். கூவிளத்துக்குப் பின் ‘தூ’ நேர், சரி. தேமாவுக்குப் பின் ‘மணற்’ நிரை, சரி. புளிமாங்காய்க்குப் பின் ‘மாந்’ நேர், சரி. தேமாங்காய்க்குப் பின் ‘கற்’ நேர், சரி. அடி மாறுகிற இடத்திலும் தளை பார்க்க வேண்டும், அதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். மிச்சம் இரண்டையும் நீங்களே பாருங்கள், பிசகாமல் வரும்.

‘அறிவு’ நிரைநேர்தானே? ஏன் புளிமான்னு எழுதக் கூடாது?

வெண்பாவின் கடைசிச் சீருக்குத் தனி வாய்பாடு: நாள், மலர், காசு, பிறப்பு. நேர் மட்டும் வந்தால் நாள், நிரை மட்டும் வந்தால் மலர். அவற்றோடு உகரம் ஒட்டினால் காசு, பிறப்பு. ‘அறி’ நிரை, அதனோடு ‘வு’ ஒட்டி நிற்கிறது, ஆகவே பிறப்பு. பெரும்பாலும் இங்கே குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கும் உகரம் வரும் (முதல் குறளின் ‘உலகு’ அப்படி). சிறுபான்மை முழுதாக ஒலிக்கும் முற்றியலுகரமும் வரும். ‘அறிவு’ அந்தச் சிறுபான்மை.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தா என்ன அணி?

பின்வருநிலை அணி. அதில் மூன்று வகை, பொருளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். “செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம்” என்பதில் சொல்லும் அதே, பொருளும் அதே: சொற்பொருள் பின்வருநிலை. “துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி” என்பதில் சொல் ஒன்று, பொருள் மாறுகிறது: சொல் பின்வருநிலை. அவிழ்ந்தன, அலர்ந்தன, விண்டன, விரிந்தன என்று வெவ்வேறு சொற்கள் வந்து ‘மலர்ந்தன’ என்ற ஒரே பொருளைத் தந்தால் பொருள் பின்வருநிலை.

ஆகுபெயரும் உருவகமும் எங்க பிரியுது?

‘ஊரே சிரித்தது’ என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள். ஊருக்கும் அவர்களுக்கும் தொடர்பு உண்டு, ஒப்புமை இல்லை. பெயர் தொடர்பால் தாவினால் ஆகுபெயர், ஒப்புமையால் ஒன்றானால் உருவகம். ‘காளை வந்தான்’ போன்ற உவமையாகுபெயர் மட்டும் எல்லையில் நிற்கும். அங்கே காளை என்ற பெயர் மட்டும் வந்து ஆளைக் குறிக்கிறது. முகமலரில் இருப்பது போல இரண்டும் சேர்ந்து நிற்பதில்லை.

சிலேடைக்கு இரண்டு பொருள்னு தெரியும். விடையில எப்படி விளக்குறது?

சொல் சொல்லாகப் பிரித்து, இரண்டு பக்கமும் பொருத்திக் காட்ட வேண்டும். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் பாடிய வெண்பா:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் – ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது.

பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் அடையும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குப் போகும். பாம்பு ஆடும்போது சீறும். செக்கு ஆடும்போது இரையும். குடத்தைத் திறந்தால் பாம்பு தன் முகத்தைக் காட்டும். எண்ணெய் பார்ப்பவரின் முகத்தைக் காட்டும். ‘முகங்காட்டும்’ என்பதில் யாருடைய முகம் என்பது இரண்டு பக்கமும் மாறுகிறது, கவனியுங்கள். பாம்பின் நஞ்சு தலைக்கு ஏறினாலும் பரபரக்கும், எண்ணெயைத் தலையில் தேய்த்தாலும் பரபரக்கும். இதுவரை சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் வந்தது. அது செம்மொழிச் சிலேடை. ‘பிண்ணாக்கு’ எள்ளுக்கு அப்படியே பிண்ணாக்கு. பாம்புக்குப் பிளவுபட்ட நாக்கு என்று பிரித்தால்தான் பொருள் கிடைக்கும். அது பிரிமொழிச் சிலேடை. எனக்கு இந்தப் பாட்டில் அலுப்பே வந்ததில்லை.

வஞ்சப் புகழ்ச்சியும் அங்கதமும் ஒண்ணா?

அங்கதம் பெரிய வட்டம்: வசை, குறை சுட்டுதல். நேராகத் திட்டினால் செம்பொருள் அங்கதம், மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம் என்று பழைய இலக்கணம் பிரிக்கிறது. வஞ்சப் புகழ்ச்சி ஓர் உத்தி. புகழ்வது போல் பழிப்பதும், பழிப்பது போல் புகழ்வதும் அதில் அடங்கும். “தேவர் அனையர் கயவர்” என்று உயர்த்துவது போலத் தொடங்கி, அவர்களும் தாம் விரும்பியதையே செய்து திரிவார்கள் என்று குறள் முடிக்கும்.

இரண்டு திசையும் ஒரே பாட்டில் வேண்டுமென்றால் புறநானூறு 95. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அங்கே இருக்கும் படைக்கலங்களைப் பார்க்கிறார். இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் உள்ள மனையில் இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். தொண்டைமானின் வேல் போர் பார்க்கவில்லை என்ற பழிப்பு புகழ்ச்சிக்குள்ளும், அதியமானின் வீரம் குறை சொல்வது போன்ற பேச்சுக்குள்ளும் இருக்கின்றன.

உள்ளுறை, இறைச்சி: எத்தனை தடவை படிச்சாலும் பிடிபடல.

பிறிது மொழிதலில் பொருள் மறைந்திருந்ததை மேலே பார்த்தோம். உள்ளுறையில் இன்னும் ஒரு படி ஆழம். அங்கே உவமை சொல்லப்படுகிறது என்பதே தெரியாது. ஊரை வர்ணிக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்து போய்விடுவோம். குறுந்தொகை 8, ஆலங்குடி வங்கனார் பாட்டு: “கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் / பழன வாளை கதூஉம் ஊரன்.” வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்துத் தானாக விழும் பழத்தைப் பொய்கையிலுள்ள வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர் அவனுடையது. பேசுகிறவள் பரத்தை, தலைவி பக்கத்தவர் காதில் விழும்படி பேசுகிறாள். மீன் மரமேறிப் பறிக்கவில்லை, பழம்தான் விழுந்தது. ‘நான் அவனை மயக்கவில்லை, அவனே வந்தான்’ என்று ஒரு சொல் சொல்லாமல் சொல்லிவிட்டாள். மரம், பழம், மீன் என்ற கருப்பொருள்கள் (ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், விலங்கு, மரம் போன்றவை) அப்படியே ஆட்களின்மேல் பொருந்துகின்றன. அது உள்ளுறை உவமம். தெய்வம் தவிர்ந்த கருப்பொருள்களில் அது பிறக்கும் என்பது தொல்காப்பியம்.

அதே பாட்டின் பின்பகுதியில் வெளிப்படை உவமையும் இருக்கிறது. இங்கே பெருமை பேசிவிட்டுப் போனவன், வீட்டில் கண்ணாடிப் பாவை போல, கை தூக்கினால் கை தூக்கி, கால் தூக்கினால் கால் தூக்கி, தன் மகனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்கிறாள். ஏளனத்தை நேராகச் சொல்ல முடிகிறது, தன் நிலையை மறைத்துத்தான் சொல்ல முடிகிறது. எதை எந்த அணியில் வைத்தார் என்பதிலேயே அந்தப் பெண்ணின் மனம் தெரிகிறது.

இறைச்சியில் இப்படி ஒன்றுக்கு ஒன்று பொருத்த வேண்டியதில்லை. குறுந்தொகை 37, பாலை பாடிய பெருங்கடுங்கோ: “பிடிபசி களைஇய பெருங்கை வேழம் / மென்சினை யாஅம் பொளிக்கும்.” பிடியின் பசி தீர்க்க ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்கும், பிரிந்து போன தலைவர் சென்ற வழி அத்தகையது என்று தோழி தலைவியிடம் சொல்கிறாள். அதைப் பார்ப்பவனுக்கு உன் நினைவு வராமல் போகுமா, திரும்பி வருவான் என்பது குறிப்பு. காட்சிக்குப் புறத்தே ஒரு கருத்துப் பிறக்கிறது.

படிமம், குறியீடு இதெல்லாம் புதுக்கவிதைக்கு மட்டும்தானா?

சொற்கள் புதியவை, 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழை ஒட்டிப் புதுக்கவிதை வளர்ந்தபோது இவை அதிகம் புழங்கத் தொடங்கின. பொருள் பழையதுதான். புலனால் உணரும்படி ஒரு காட்சி மனத்தில் எழுந்தால் படிமம். ஒரு பொருள் தானாகவும் இருந்து, தன்னைத் தாண்டிய வேறொன்றையும் குறித்தால் குறியீடு. “செம்புலப் பெயல்நீர் போல” என்ற வரியில் செம்மண்ணில் மழைநீர் நிறம் மாறிக் கலப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அது உவமை, படிமமும்தான். அந்தக் காட்சி அவ்வளவு வலுவாக நின்றதால், பாடியவரின் பெயரே செம்புலப்பெயனீரார் என்று ஆகிவிட்டது.

உள்ளுறை, குறிப்புன்னு நாமளா ஒண்ணை ஏத்திச் சொல்லிடறோமோ? எழுதினவர் அப்படி நினைச்சிருப்பாரா?

இந்தச் சந்தேகம் வருவது நல்லது. கவிஞர் என்ன நினைத்தார் என்பதை நாம் போய்க் கேட்க முடியாது, பாட்டைத்தான் கேட்க முடியும். பேசுவது யார், யாரிடம், எந்தச் சூழலில் என்று முதலில் பாருங்கள். பிறகு, நீங்கள் சொல்லும் பொருளைப் பாட்டின் மற்ற வரிகள் தாங்குகின்றனவா என்று பாருங்கள்.

ஒரு மாணவி அந்த யானைப் பாட்டுக்கு வேறு விளக்கம் சொன்னாள்: யானை தலைவன், பிடி தலைவி, யா மரம் அவன் தேடிப்போன பொருள், குடும்பத்தின் தேவைக்காகத்தானே அவனும் போயிருக்கிறான் என்று. நான் தவறு என்று சொல்லவில்லை. தோழியின் பேச்சு “நசைபெரிது உடையர் நல்கலும் நல்குவர்” என்று தொடங்குகிறது, உன்மேல் பெரும் விருப்பம் உடையவர், அன்பும் செய்வார் என்று. அந்த வரிக்கு அடுத்து உன் விளக்கத்தை வைத்துப் படித்துப் பார் என்றேன். இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். “அவன் போன காரணம் சரியா வருது. ஆனா தோழி காரணம் சொல்ல வரல, தைரியம் சொல்ல வர்றா” என்றாள். தன் விளக்கத்தை அடிக்காமல் இரண்டாவதாக எழுதிவைத்துக்கொண்டாள்.